காவலாளியின் அறைக்கு எந்த வழி?

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. கனடாவில் விடிந்தபோது ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் கைபேசியைக் கையிலெடுத்தார்கள். சிக்னல் இல்லை. வீட்டு இணையமும் இல்லை. கடைகளில் டெபிட் கார்டை நீட்டினால் இயந்திரம் மறுத்தது. நாடு முழுவதும் டெபிட் பரிமாற்றத்தை நடத்தும் இன்டராக் அமைப்பே ரோஜர்ஸின் வலையமைப்பை நம்பித்தான் இருந்தது. 911 அவசர எண்ணை அழைத்த பலருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. டொராண்டோவில் அன்றிரவு நடக்கவிருந்த பாடகர் தி வீக்கெண்டின் இசை நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. அந்த அரங்கத்தின் பெயரும் ரோஜர்ஸ் சென்டர்தான்.

காரணம் சின்னது. ஏழு கட்டங்களாகத் திட்டமிட்ட மேம்பாட்டு வேலையில் ஆறாவது கட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு ரவுட்டரின் அமைப்பிலிருந்து ஒரு வடிகட்டிப் பட்டியல் நீக்கப்பட்டது. எந்தத் தகவலை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று சொல்லும் சில வரிகள், அவ்வளவுதான். வடிகட்டி போனதும் பாதைத் தகவல்கள் மடை உடைந்ததுபோல் மைய ரவுட்டர்களுக்குள் பாய்ந்தன. அவை மூச்சுத் திணறி விழுந்தன.

நீக்கிய வரிகளைத் திரும்பப் போட எவ்வளவு நேரமாகும்? ரவுட்டருக்குள் நுழைய முடிந்தால் சில நிமிடம். அங்கேதான் சிக்கல். ரவுட்டர்களை நிர்வகிக்கும் வலையமைப்பு, விழுந்துபோன அதே மைய வலையமைப்பின் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது. பொறியாளர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. பிழைப் பதிவுகளைப் பார்க்க முடியவில்லை. ஒருவரையொருவர் அழைத்துப் பேசவும் முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் கையில் இருந்தவையும் ரோஜர்ஸ் இணைப்புகளே. கடைசியில் போட்டி நிறுவனங்களின் சிம் கார்டுகளைத் தொலைதூரத் தளங்களுக்கு அனுப்பி ஊழியர்களைப் பேசவைத்தார்கள். மூல காரணத்தைக் கண்டுபிடிக்க மட்டும் ஏறக்குறைய 14 மணி நேரம் ஆனது.

வாசலைக் காக்கும் காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆனால் அவன் அறைக்குப் போகும் வழியோ, அவனே பூட்டி வைத்திருக்கும் வாசலுக்குள்ளே இருக்கிறது. ஒரு நாட்டையே முடக்கிய இந்தச் சங்கடம், ஒரு கணினிக்குள் ஒரு ஃபயர்வாலை நிறுவ உட்காரும் எந்த நிர்வாகிக்கும் முதல் அரை மணி நேரத்திலேயே வரக்கூடியது. அளவுதான் வேறு.

ஃபயர்வால் என்ற சொல் கட்டடக்கலையிலிருந்து வந்தது. அடுத்தடுத்த வீடுகளுக்கு நடுவே தீ தாவாமலிருக்கக் கட்டும் கனத்த சுவருக்குப் பெயர் அது. தமிழில் தீச்சுவர் என்றும் எழுதுகிறார்கள். கணினி உலகுக்கு அந்தச் சுவரின் அவசரம் புரிந்தது 1988 நவம்பர் 2 அன்று. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் அவிழ்த்துவிட்ட புழு நிரல், அப்போது இணையத்தோடு இணைந்திருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை முடக்கியதாக அன்று மதிப்பிட்டார்கள். 1994-ல் இஸ்ரேலின் செக் பாயிண்ட் நிறுவனம் ஃபயர்வால்-1 என்ற மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் தனித்தனியாகப் பார்க்காமல், எந்த உரையாடலின் பகுதியாக அது வருகிறது என்பதை நினைவில் வைத்துச் சோதித்தது அதன் சிறப்பு. பிறகு இந்த வேலைக்கென்றே தனிப் பெட்டிகள் வந்தன.

அந்தப் பெட்டியின் முகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு ஓரத்தில் ‘கன்சோல்’ என்று எழுதிய துளை. அதன் பக்கத்தில் ‘மேனேஜ்மென்ட்’ என்று எழுதிய துளை. பிறகு வரிசையாக எண்ணிட்ட துளைகள். ஊர்ப் போக்குவரத்து அவற்றில்தான் ஓடும். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் வேலை பார்க்கும் ஆள்கூடக் கேபிளைத் தவறான இடத்தில் செருகுவது கடினம். பெயர் பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கிறது.

மெய்நிகர் ஃபயர்வாலுக்கு முகம் கிடையாது.

அது ஒரு கோப்பு. சில நூறு மெகாபைட்டிலிருந்து சில ஜிகாபைட் வரை எடையுள்ள கோப்பைத் தரவிறக்கி, ஒரு சர்வரின் மேல் ஓடும் ஹைப்பர்வைசரிடம் கொடுத்தால், அது ஒரு கற்பனைக் கணினியை உண்டாக்கி அதற்குள் ஃபயர்வாலை ஓடவிடுகிறது. ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகப் பாவிக்கும் இந்த வித்தை புதிதல்ல. 1972-லேயே ஐபிஎம் தன் பெருங்கணினிகளுக்கு விஎம்/370 என்ற அமைப்பை அறிவித்தது. 1998-ல் தொடங்கிய விஎம்வேர் அதைச் சாதாரணச் சர்வர்களுக்குக் கொண்டுவந்தது. கேவிஎம், ஹைப்பர்-வி, பிராக்ஸ்மாக்ஸ் என்று இன்று வழிகள் பல. பாலோ ஆல்டோ, ஃபோர்டிநெட், ஜூனிப்பர், சிஸ்கோ என்று பெட்டி விற்ற எல்லா நிறுவனமும் அதே ஃபயர்வாலைக் கோப்பாகவும் விற்கிறது. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்றவற்றை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டியின் முகத்தில் இருந்த எழுத்துகள் போய்விட்டன. மிஞ்சியிருப்பது வரிசை மட்டும்தான். கற்பனைக் கணினிக்கு எத்தனை நெட்வொர்க் கார்டு கொடுக்கிறோமோ, அவற்றில் எது முதலாவது, எது இரண்டாவது என்பதை வைத்துத்தான் ஃபயர்வால் தன் துளைகளை அடையாளம் காண்கிறது. ஜூனிப்பரின் விஎஸ்ஆர்எக்ஸில் முதல் கார்டு ‘எஃப்எக்ஸ்பி0’ என்ற நிர்வாக இடைமுகமாகிவிடும், இரண்டாவதிலிருந்துதான் போக்குவரத்துக்கு. பாலோ ஆல்டோவின் விஎம்-சீரிஸிலும் சிஸ்கோவின் ஏஎஸ்ஏவியிலும் முதல் கார்டு நிர்வாகத்துக்கே. ஃபோர்டிகேட்டில் முதல் கார்டு ‘போர்ட்1’. நிர்வாகத்துக்கென்று முத்திரை குத்தப்படாவிட்டாலும் முதன்முதலில் நுழையும் வழி அதுதான். பிஎஃப்சென்ஸில் நிர்வாகத்துக்கென்று தனி அறையே கிடையாது. வெளி உலகுக்கு ‘வேன்’, வீட்டுக்குள் ‘லேன்’. லேன் பக்கமாக வருகிறவர்களுக்கு நிர்வாகக் கதவு திறந்திருக்கும்.

இதைப் படிக்காமல் நேராக நிறுவுகிறவர் என்ன செய்வார்? பழக்கத்தின்படி முதல் கார்டை இணையம் வரும் பக்கத்தோடு இணைப்பார். ‘வெளியே முதலில், உள்ளே அடுத்து’ என்பது இயல்பான வரிசையாகத் தோன்றுகிறது. ஆனால் பாதி ஃபயர்வால்களில் அப்படிச் செய்தால், ஃபயர்வாலின் கட்டுப்பாட்டு அறைக் கதவைத் தெருவைப் பார்த்து வைத்ததாகிவிடும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும்.

அனுபவசாலிகள் பெயரையும் வரிசையையும் நம்புவதில்லை. மேக் முகவரியைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண் உண்டு. கற்பனைக் கார்டுக்கும் உண்டு. விஎம்வேர் வழங்கும் எண்களில் பல 00:50:56 என்று தொடங்கும். கேவிஎம்மில் பெரும்பாலும் 52:54:00. ஹைப்பர்வைசரின் திரையில் எந்தக் கார்டுக்கு எந்த எண், அது எந்த மெய்நிகர் சுவிட்சில் செருகப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஃபயர்வாலுக்குள் போய் அதே எண்கள் எந்தப் பெயரில் தெரிகின்றன என்று ஒப்பிட வேண்டும். ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி. சலிப்பான வேலைதான். பின்னால் ஒரு கார்டைச் சேர்த்துவிட்டு இயந்திரத்தை மறுபடி எழுப்பும்போது வரிசை கலைந்துபோனால், அந்தக் காகிதம்தான் காப்பாற்றும்.

முதல் நுழைவுக்கு வலையமைப்பு உதவாது. ஃபயர்வாலுக்கு இன்னும் முகவரியே இல்லாதபோது அதை எந்த முகவரியில் தேடுவது? அதற்குத்தான் கன்சோல். பழைய பெட்டிகளில் இது 1960-ல் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 முறையில் ஓடும் தொடர் கேபிள். நொடிக்கு 9,600 பிட் என்ற வேகம் இன்றும் பல சாதனங்களின் தொடக்க அமைப்பு. மெய்நிகர் உலகில் கேபிள் இல்லை. ஹைப்பர்வைசரே ஒரு சன்னலைத் திறந்து அந்தக் கற்பனைக் கணினியின் திரையைக் காட்டுகிறது. சில ஃபயர்வால்கள் இந்தத் திரையில் பேசும். சில, கற்பனையாகச் செய்த தொடர் போர்ட்டில்தான் பேசும். கேவிஎம்மில் ‘விர்ஷ் கன்சோல்’ என்று தட்டினால் அந்தத் தொடர் போர்ட் திறக்கும். வெளியே வரக் கன்ட்ரோலையும் மூடும் சதுர அடைப்புக்குறியையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று தெரியாமல், டெர்மினலையே மூடிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

உள்ளே போனதும் கடவுச்சொல் கேட்கும். பிஎஃப்சென்ஸ் ‘அட்மின்’ என்ற பெயருக்கு ‘பிஎஃப்சென்ஸ்’ என்ற சொல்லோடு பிறக்கிறது. ஃபோர்டிகேட்டில் ‘அட்மின்’; கடவுச்சொல் வெற்றிடம். முன்னாளில் இவற்றை மாற்றாமலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள்; இப்போதைய பதிப்புகள் பல, முதல் நுழைவிலேயே மாற்றச் சொல்லி அடம்பிடிக்கின்றன. ஜூனிப்பர் இதில் பழைய காலத்து வாத்தியார். தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல் வைக்காதவரை நீங்கள் செய்த எந்த மாற்றத்தையும் அது ஏற்றுக்கொள்ளாது.

அடுத்தது முகவரி. 1996 பிப்ரவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம், மூன்று முகவரித் தொகுப்புகளை யார் வேண்டுமானாலும் தங்கள் உள்வீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கியது: 10-ல் தொடங்குபவை, 172.16-லிருந்து 172.31 வரை, 192.168-ல் தொடங்குபவை. ஊருக்கு ஊர் ஒரு காந்தி தெரு இருப்பதுபோல, இந்த முகவரிகள் கோடிக்கணக்கான கட்டடங்களில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஒரு ஊருக்குள் ஒரே காந்தி தெரு இருக்கும்வரை குழப்பமில்லை. பிஎஃப்சென்ஸ் தன் லேன் பக்கத்துக்கு இயல்பாக எடுத்துக்கொள்வது 192.168.1.1. பல வீட்டு ரவுட்டர்களின் முகவரியும் 192.168.1.1. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் பிஎஃப்சென்ஸை நிறுவி ஓட்டிப் பார்க்கிறவருக்கு, ஃபயர்வாலின் இரண்டு பக்கமும் அதே காந்தி தெரு. பொட்டலத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அது விழிக்கும். இரண்டில் ஒரு தெருவின் பெயரை மாற்றாமல் மேலே நகர முடியாது.

முகவரி சரியாக அமைந்த பிறகும் ஒரு மர்மம் காத்திருக்கும். பக்கத்து மேசைக் கணினியிலிருந்து ‘பிங்’ போகிறது, திரும்பி வருகிறது. மாடியில் இருக்கும் கணினியிலிருந்து அதே ‘பிங்’ பதிலில்லாமல் போகிறது. பெரும்பாலும் பொட்டலம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கும். பதில்தான் வேறு வழியில் போயிருக்கும். ஃபயர்வாலிடம் ‘தெரியாத முகவரிக்கெல்லாம் இந்தக் கேட்வே வழியாக அனுப்பு’ என்று ஒரே ஒரு கட்டளை இருக்கிறது. அது இணையத்தின் பக்கம் கைகாட்டுகிறது. மாடிக் கணினி வேறு சப்நெட்டில் இருப்பதால் அதுவும் ‘தெரியாத முகவரி’. கொல்லை வழியாக வந்த விருந்தாளிக்கான பதில் தலைவாசல் வழியே தெருவுக்குப் போய்விடுகிறது.

இதற்கு மருந்து, நிர்வாகத்துக்கென்று தனிப் பாதை அட்டவணை. பாலோ ஆல்டோ தொடக்கத்திலிருந்தே நிர்வாகத் தளத்தையும் போக்குவரத்துத் தளத்தையும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனிக் கேட்வே வைத்தது. ஜூனிப்பரின் இயங்குதளமான ஜுனோஸில் நெடுங்காலம் எஃப்எக்ஸ்பி0-வும் மற்ற இடைமுகங்களும் ஒரே அட்டவணையைப் பகிர்ந்துகொண்டன. பின்னாளில்தான் நிர்வாகத்துக்கு மட்டுமான தனி அட்டவணையை ‘எம்ஜிஎம்டி_ஜுனோஸ்’ என்ற பெயரில் சேர்த்தார்கள். கல்லூரிப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தப் பிரிவினை, நிறுவுகிற இடத்தில் ஒரு முழு மத்தியானத்தை விழுங்கிவிடும்.

இனி எந்தக் கதவைத் திறந்து வைப்பது என்ற கேள்வி. இணைய உலாவியில் வருகிறவருக்கு 443, கட்டளை தட்டி வேலை செய்கிறவருக்கு எஸ்எஸ்ஹெச்சின் 22. அந்த 22-க்குப் பின்னால் ஒரு சுவையான கதை உண்டு. 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அங்கிருந்த டாட்டு யுலோனன், எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். பழைய டெல்நெட்டுக்கு 23, எஃப்டிபிக்கு 21. இரண்டுக்கும் மாற்றாக வந்தது இது. நடுவில் 22 காலியாக இருந்தது. கேட்டார், கிடைத்தது. டெல்நெட்டின் 23 இன்றும் சில சாதனங்களில் திறக்கக்கூடியதாக இருக்கிறது. அதைத் திறந்து வைப்பது, நடுத்தெருவில் நின்று கடவுச்சொல்லைக் கூவுவதற்குச் சமம்.

கதவு எது என்பதைவிட, யார் அதைத் தட்டலாம் என்பதுதான் கனமான கேள்வி. 2024 நவம்பரில் பாலோ ஆல்டோ நிறுவனம் சிவிஇ-2024-0012 என்ற எண்ணோடு ஓர் ஓட்டையை அறிவித்தது. அதன் ஃபயர்வால்களின் நிர்வாக வலைப்பக்கத்துக்கு உள்நுழைவுச் சோதனையே இல்லாமல் போக முடிந்தது. ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது செய்முறை சிரிப்பை வரவழைத்தது. உலாவி அனுப்பும் கோரிக்கையோடு ‘சோதனை: ஆஃப்’ என்ற பொருளில் ஒரு தலைப்பு வரியைச் சேர்த்தனுப்பினால் போதும், சோதனை நடக்கவில்லை. காவலாளியிடம் ‘என்னைச் சோதிக்க வேண்டாம்’ என்று எழுதிய சீட்டை வந்தவனே நீட்ட, அவனும் சலாம் வைத்துக் கதவைத் திறந்திருக்கிறான்.

இந்த ஓட்டையின் கடுமைக்கு நிறுவனம் தந்த மதிப்பெண் 10-க்கு 9.3. நிர்வாக முகவரியைக் குறிப்பிட்ட சில உள் முகவரிகளுக்கு மட்டும் திறந்து வைத்திருந்தவர்களுக்கோ அதே ஓட்டை 5.9. மென்பொருள் ஒன்று, பிழை ஒன்று. நிறுவிய அன்று யாரோ ஒருவர் ‘இந்த நான்கு கணினிகளிலிருந்து மட்டும்’ என்று சேர்த்த ஒரு வரிதான் அந்த வேறுபாடு. அதற்கு முந்தைய ஆண்டு சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்இ வலை நிர்வாகப் பக்கத்தில் 10-க்கு 10 வாங்கிய ஓட்டை, பல்லாயிரம் சாதனங்களை அந்நியர் கைக்குக் கொடுத்தது. 2023 ஜூன் 13 அன்றே அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, கூட்டரசு அலுவலகங்களுக்குக் கட்டளையிட்டிருந்தது: இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் நிர்வாக இடைமுகம் கண்டுபிடிக்கப்பட்டால் 14 நாளுக்குள் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், அல்லது முன்னால் தனிக் காவல் போட வேண்டும்.

இவ்வளவு இறுக்கினால் எதிர்ப்பக்க விபத்து நிச்சயம். தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வது. தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் உட்கார்ந்து, ‘அனுமதி இல்லாத எல்லாவற்றையும் தடு’ என்ற வரியை ‘என்னை அனுமதி’ என்ற வரிக்கு முன்னால் தட்டிவிட்டால், என்டர் அழுத்திய கணத்தில் திரை உறைந்துவிடும். ஏறியிருந்த கிளையை வெட்டியாயிற்று. இந்தத் தவறைச் செய்யாத நிர்வாகி இருந்தால், அவர் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஆகியிருக்காது.

ஜுனோஸ் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாட்டை இந்தத் துறையின் மிக மனிதாபிமானமான கண்டுபிடிப்பு என்றே சொல்லலாம். ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்று தட்டினால் மாற்றம் அமலுக்கு வரும். ஆனால் 10 நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி உறுதிசெய்யாவிட்டால் ஃபயர்வால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பூட்டிக்கொண்டவர் டீ குடித்துவிட்டு வந்தால் கதவு திறந்திருக்கும். சிஸ்கோக்காரர்கள் ‘10 நிமிடத்தில் மறுதொடக்கம்’ என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். மாற்றத்தைச் சேமிக்காதவரை, எழுந்திருக்கும்போது பழைய அமைப்பு வந்துவிடும். மைக்ரோடிக் ரவுட்டர்களில் இதே வேலைக்கு ‘சேஃப் மோட்’ உண்டு. பிஎஃப்சென்ஸ், லேன் பக்கத்திலிருந்து வரும் நிர்வாகிக்கான அனுமதியை நீங்கள் கேட்காமலேயே ஒரு விதியாக எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கும்.

அதுவும் போனால் கன்சோல் இருக்கிறதே என்று தோன்றும். மேகக் கணிமையில் அந்தத் தைரியம் நெடுநாள் இருக்கவில்லை. அமேசானின் இசி2 சர்வர்களில் எழுதக்கூடிய தொடர் கன்சோல் வந்ததே 2021 மார்ச்சில்தான். அதற்கு முன்னால் பூட்டிக்கொண்டவர், அந்த இயந்திரத்தை நிறுத்தி, அதன் வட்டைக் கழற்றி, வேறொரு இயந்திரத்தில் மாட்டி, கோப்பைத் திருத்தி, மறுபடி பழைய இடத்தில் பொருத்துவார்.

சொந்தச் சர்வரில் கன்சோல் இருக்கிறது. ஆனால் அந்தக் கன்சோல் சன்னலைத் திறப்பது ஹைப்பர்வைசர். ஹைப்பர்வைசரின் முகவரி எங்கே இருக்கிறது? பல சின்ன அலுவலகங்களில் அது மெய்நிகர் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கிறது. ஃபயர்வால் படுத்தால் ஹைப்பர்வைசரை அணுக முடியாது. ஹைப்பர்வைசரை அணுகாமல் ஃபயர்வாலை எழுப்ப முடியாது. இன்னும் வேடிக்கையான வடிவமும் உண்டு: ஹைப்பர்வைசர் தன் முகவரியையே டிஹெச்சிபி மூலம் அந்த ஃபயர்வாலிடமிருந்து வாங்கிக்கொண்டிருக்கும். மின்சாரம் போய் வந்த காலையில், வயிற்றிலிருக்கும் பிள்ளையிடம் தாய் பெயர் கேட்டுக் காத்திருப்பாள். ஹைப்பர்வைசருக்கு நிலையான முகவரி, ஃபயர்வால் தொடாத தனி நெட்வொர்க் கார்டு, சர்வர் எழுந்ததும் முதலில் ஃபயர்வால் எழும் வரிசை. இந்த மூன்றையும் முதல் நாளே அமைப்பவர்கள் குறைவு. முதல் மின்தடைக்குப் பிறகு எல்லோரும் அமைத்துவிடுகிறார்கள்.

பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலக வரைபடத்திலிருந்தே மறைந்தது. பராமரிப்பின்போது தட்டிய ஒரு கட்டளை முதுகெலும்பு வலையமைப்பை அறுத்தது. அதைத் தடுத்திருக்க வேண்டிய சோதனைக் கருவியில் பிழை. நிறுவனத்திடம் இதற்கென்றே தனி நிர்வாக வலையமைப்பு இருந்தது. அன்று அதுவும் வேலை செய்யவில்லை. பொறியாளர்களை நேரில் தரவு மையங்களுக்கு அனுப்பினார்கள். யாரும் எளிதில் உள்ளே போய் எதையும் தொட முடியாதபடி கட்டப்பட்ட கட்டடங்கள் அவை. அந்தக் காவல் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, பழுதுபார்க்க வந்தவர்களையும் தாமதப்படுத்தியது.

ரோஜர்ஸ் தன் 2022 முடக்கத்துக்குப் பிறகு நிர்வாக வலையமைப்பை மைய வலையமைப்பிலிருந்து பிரிக்கும் வேலையில் இறங்கியது. 2022 செப்டம்பரில் கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், ஒன்று விழுந்தால் மற்றவை கைகொடுக்க ஒப்பந்தம் செய்துகொண்டன. சின்ன அலுவலகத்தில் இதே ஏற்பாட்டைச் செய்ய ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு 4ஜி டாங்கிளும் போதும். மடிக்கணினியின் கேபிள் நேராக ஹைப்பர்வைசரின் நிர்வாகக் கார்டுக்கு. டாங்கிளின் சிம், அலுவலக இணையம் தருகிற நிறுவனத்தின் சிம்மாக இருக்கக்கூடாது. ஒரு மூலையில் தூசு படிந்து கிடக்கும் அந்த மடிக்கணினியை மாதம் ஒருமுறை திறந்து, வெளியிலிருந்து உள்ளே வர முடிகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். ப்ரீபெய்டு சிம் என்றால், ரீசார்ஜ் தேதியையும் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் குறித்து வைப்பார்கள்.